கொழும்பில் நின்ற உத்திரங்கள்

நான் கட்டட எஸ்டிமேட் போடுகிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு கட்டுமான ஆபீசில் அதுதான் வேலை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்க்கிற கெட்ட பழக்கம் அதனால் வந்தது. துட்டி வீட்டுக்குப் போனால்கூட, எல்லோரும் சவப்பெட்டியைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும்போது நான் சீலிங்கில் கறை எங்கே, வெடிப்பு எங்கே என்று தேடுவேன். ஒருமுறை மைனி என் இடுப்பில் இடித்து, "ஏளா, கீழ பாருளா" என்றாள். மைனி என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அடுத்த வீட்டில் இருக்கிறாள்.

ஊர்க் கூரையெல்லாம் பார்க்கிறவள் என் வீட்டுக் கூரையைப் பார்க்காமலா இருப்பேன்? தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய பழைய தெருவில், தீவுப் பக்கமிருந்து வள்ளத்தில் வந்த பவளப்பாறைக்கல்லை அடுக்கிக் கட்டிய வீடு. மாமனார் அதன் தலையில் பிற்காலத்தில் ஒரு காங்கிரீட் தளம் போட்டிருந்தார். மணலும் தண்ணீரும் கைக்கெட்டிய இடத்தில் அள்ளியது. உப்பைத் தின்ற கம்பி சும்மா இருக்குமா? துருவேறி வீங்கி, தன்னைப் பிடித்திருந்த காரையையே கீழே தள்ளியது. ஒரு மத்தியானம் முறத்தளவு காரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. நல்லவேளையாகக் கட்டிலில் யாரும் இல்லை. நான் ஆபீசில் இருந்தேன், அவர் கப்பலில் இருந்தார்.

என் வீட்டுக்காரருக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. வருடத்தில் முக்கால்வாசி கடலில், மிச்சம் வீட்டில். காரை விழுந்ததற்குப் பிறகு வந்த விடுப்பில் ஒருநாள், குசினியில் குக்கர் விசில் மேல் விசிலாக அடித்துக்கொண்டிருந்தது. நான் கொல்லையிலிருந்து ஓடிவந்து பார்த்தால், அவர் அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறார். அடுப்பை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "என்னளா?" என்றார். அன்றைக்கே காது டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். எஞ்சின் இரைச்சலில் பாதிக்கு மேல் போய்விட்டது, போனது திரும்பாது, இன்னொரு தடவை எஞ்சின் ரூமுக்குப் போனால் மிச்சமும் தங்காது என்று அந்தம்மா மூடிமறைக்காமல் சொன்னார்.

எங்கள் தெருவில் இதையெல்லாம் ஒரு நோயாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. முந்தின தலைமுறை ஆண்கள் சங்கு குளித்தவர்கள். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழிந்தவர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். மாமனார் இருந்தவரை அவருக்கு இரண்டு காதும் கேட்காது. அதனால் நாங்கள் எல்லோருமே சத்தம் போட்டுத்தான் பேசுவோம், வெளியூர்க்காரர்கள் சண்டை நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். "ஆம்பளைக்குக் காது கேக்காட்டா பொம்பளைக்கு நல்லதுதானளா" என்று மைனி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சை நம்பிப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. பிள்ளைகள் இல்லை. அவர் கடலிலிருந்து வந்தால் நாங்கள் பேசுவோம், அவ்வளவுதான் எங்கள் குடித்தனம்.

அவரே ஒரு முடிவுக்கு வந்தார். "தலைக்கு மேல ஒழுங்கா ஒரு கூரை, முன்னறையில வள்ளத்து எஞ்சினுக்கு உதிரிபாகம் விக்கிற கடை. இது ரெண்டும் ஆச்சுன்னா கப்பலுக்குப் போகமாட்டேன்" என்றார். சேர்த்து வைத்திருந்த பணம் இரண்டுக்கும் சரியாக இருந்தது. அன்றிலிருந்து என் கணக்கில் அந்தக் கூரையும் அவருடைய காதும் ஒன்றுதான்.

எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். புதுத் தளத்தின் பாரத்தை இந்தச் சுவர் சுமக்காது என்றார். இரும்பு கர்டர் போட்டால் கடற்காற்று தின்றுவிடும். அந்த நீளத்துக்கு நல்ல தேக்கு வாங்கினால் வீட்டை விற்றுத்தான் கூரை போட வேண்டும். மிச்சமிருந்தது ஒட்டு உத்திரம். மரத்தைப் பலகைகளாக அறுத்து, உலர்த்தி, கணுவும் வெடிப்பும் உள்ள இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, பசை தடவி அடுக்கி, அழுத்தி ஒரே கட்டையாக எடுப்பது. ஆபீசில் க்ளூலாம் என்போம். பாரம் குறைவு, வளையாது, உப்புக்குப் பயப்படாது. திருச்செந்தூர் சாலையில் ஒரு கடற்கரை விடுதிக்காக எங்கள் ஆபீஸ் அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தது. அதே கண்டெய்னரில் என் வீட்டுக்கும் உத்திரங்களை ஏற்றிவிடலாம் என்று முதலாளி சொன்னார்.

"ஒட்டுக்கட்டையா?" என்றார் என் வீட்டுக்காரர். "வள்ளத்துக்கு அடியில வைக்கிற ஏராக்கட்டையிலயே ஒட்டு இருந்தா எவனும் கடலுக்குப் போகமாட்டான். நீ வீட்டுத் தலையில வைக்கச் சொல்லுத."

"வள்ளம் தண்ணியில கெடக்கு, வீடு தரையில கெடக்கு. ரெண்டும் ஒண்ணா?" என்றேன்.

ஆபீசிலிருந்து ஒரு மாதிரித் துண்டு கொண்டுவந்து கொடுத்தேன். அதை உப்புத்தண்ணீர் வாளியில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்து வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறப்போட்டு, உளியால் நெம்பிப் பார்த்தார். மரம்தான் சிராய்த்ததே தவிர ஒட்டு விடவில்லை. "சரி, ஏத்தச் சொல்லு" என்றார்.

எஸ்டிமேட்டை ஊரார் வேலைக்குப் போடுவதைவிடக் கவனமாகப் போட்டேன். உத்திரம், துருப்பிடிக்காத போல்ட்டு, உத்திர முனை சுவர் ஈரத்தில் படாமல் இருக்க அடியில் வைக்கும் தகடு, கரையான் மருந்து, மேலே ஓடு, ஏற்றுகூலி, ஆசாரி கூலி. கடைசியில் எதிர்பாராத செலவு என்று ஒரு பங்கு. எந்த வாடிக்கையாளரும் முதலில் அடிக்கிற வரி அதுதான். இவரும் பேனாவை எடுத்தார்.

"எதிர்பாராதத எப்படிளா எதிர்பாத்து எழுதுத?"

"அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்காங்க."

"அப்ப அத உங்க ஆபீசுல எழுது" என்று ஒரு கோடு போட்டார். மற்றவர்களிடம் இந்த வரிக்காகப் பல்லைக் காட்டிப் பேசுவேன், இவரிடம் கத்தினேன். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்.

புரட்டாசியில் அவர் விடுப்பு பாதி ஓடியிருந்தபோது, சரக்கை இறக்கித் தருகிற ஏஜென்ட் போன் செய்தார். "மேடம், கண்டெய்னர் கொழும்பு வந்தாச்சு." தூர தேசத்துச் சரக்கெல்லாம் பெரும்பாலும் கொழும்பில் பெரிய கப்பலிலிருந்து இறங்கி, அங்கிருந்து சின்னக் கப்பலில்தான் எங்கள் துறைமுகத்துக்கு வரும். இந்தச் செய்தியை வேறு ஊர்க்காரன் கேட்டிருந்தால், இன்னும் கடல் தாண்ட வேண்டும் என்று நினைத்திருப்பான். எங்கள் ஊருக்குக் கொழும்பு வெளிநாடே கிடையாது. வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு தோணியில் போய் வந்த ஊர். பாதித் தெருவுக்கு அங்கே ஒரு காலத்தில் கடை இருந்தது. சென்னைக்குப் போவதை வெளியூருக்குப் போவது என்பார்கள், கொழும்புக்குப் போவதை அங்கன போயிட்டு வாரேன் என்பார்கள். கொழும்பு வந்தாச்சு என்றால் வாசலுக்கு வந்தாச்சு என்றுதான் எங்கள் காதில் விழும்.

அவர் காதிலும் அப்படித்தான் விழுந்தது. கப்பல்காரர் வீடுகளில் கல்யாணம், ஞானஸ்நானம், கிணறு தூர்வாருவது எல்லாமே விடுப்பைப் பார்த்துத்தான் நடக்கும். கூரை விஷயத்தில் இன்னும் கறார். ஆண் இல்லாத வீட்டில் கூரையைத் திறக்கக்கூடாது, முதல் அடியை வீட்டுக்கு உடையவன்தான் அடிக்க வேண்டும். "நாளைக்கே தளத்த ஒடச்சிருவோம். சரக்கு வந்த அன்னைக்கே ஏத்திரலாம்" என்றார்.

"கண்டெய்னர் ஹார்பர் கேட்டத் தாண்டி லாரியில ஏறட்டும். அதுக்குப் பொறவு ஒடைப்போம். அவசரத்துல அண்டாவுல கூட கை நுழையாது."

"கொழும்புல இருந்து ஒரு ராத்திரி ஓட்டம்ளா. நான் கடல்லயே கெடந்தவன். எனக்கு நீ கப்பல் படிச்சுக் குடுக்கியா?"

"கப்பல் ஓடும். கண்டெய்னர் அதுல ஏறணுமே!"

அது அவருக்குக் கேட்டதா, கேட்காத மாதிரி இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறி, சிலுவை போட்டுக்கொண்டு சம்மட்டியை இறக்கினார். தெருவே நின்று பார்த்தது. சாயங்காலத்துக்குள் தளம் முழுவதும் இறங்கிவிட்டது. வீட்டுக்குள் இதுவரை வெயில் பார்க்காத மூலையெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

துணிமணியும் பாத்திரமும் மைனி வீட்டுக்கு மாறின. அந்த வாரச் சின்னக் கப்பலில் எங்கள் கண்டெய்னருக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்ததில் ஏறும் என்றார் ஏஜென்ட். அடுத்ததிலும் ஏறவில்லை, கொழும்பில் நெரிசல் என்றார். ஒரு ராத்திரி தூரத்தில் என் உத்திரங்கள் யாருடைய பெட்டிக்கோ கீழே அடுக்கிக் கிடந்தன. இவர் தினமும் கடற்கரைக்குப் போய், வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்துவிட்டு வருவார். திரும்பி வருகிறவரிடம் மைனி எதுவும் கேட்கமாட்டாள், சோற்றைப் போடுவாள். நானும் கேட்பதை நிறுத்தினேன்.

தூத்துக்குடிக்கு மழை பெய்யாத ஊர் என்று பெயர். உப்பளத்துக்காரர்கள் அதை நம்பித்தான் தொழில் செய்கிறார்கள். அந்த ஐப்பசியில் வானம் எதையும் யோசிக்காமல் கொட்டியது. தார்ப்பாயைக் கயிற்றால் இழுத்துக் கட்டினோம். காற்று அதைக் கிழித்துக்கொண்டு போனது. பாறைக்கல்லை மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், தலையில் தொப்பி இருக்கும்வரைதான் சுவர். தலை திறந்துகிடந்ததால் தண்ணீர் உள்ளேயே இறங்கியது. மழை விட்ட ஒரு மத்தியானம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெற்குச் சுவரின் மேல்பாகம், உத்திரம் உட்கார வேண்டிய அந்த இடமே, சரிந்து கூடத்துக்குள் விழுந்தது.

என் மூளை தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. இடிசல் அள்ள வேண்டும், சுவரை எடுத்துக்கட்ட வேண்டும், நான்கு சுவர் தலையிலும் காங்கிரீட் பட்டை ஓட்ட வேண்டும். அதற்கான பணம் எங்கே இருக்கிறது என்பதையும் அதுவே சொன்னது. முன்னறைக் கடை போயிற்று. கணக்கு இவ்வளவு வேகமாக வருகிறதே என்று என் மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது.

கார்த்திகை பிறந்த பிறகு கண்டெய்னர் ஒருவழியாகத் துறைமுகம் வந்தது. மரச் சரக்கு என்பதால் பூச்சி பார்க்க வேண்டும், ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று உள்ளேயே நின்றது. வெளியே வராத ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. சைக்கிளில் போய்விடுகிற தூரம்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதை அந்த வாரம் முழுக்க அனுபவித்தேன்.

அப்போதுதான் கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஆபீசிலிருந்து அவருக்குப் போன் வந்தது. காதுக்காக எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் மைனி வீட்டுக் குசினியில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்த எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. எஞ்சின் ரூமில் ஒரு ஆள் குறைகிறது, உடனே வர முடியுமா? "வாரேன் சார்" என்றார். யோசிக்கக்கூட இல்லை.

அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். "காது?" என்றேன்.

"பாத்துக்கிடலாம்."

"எதப் பாத்துக்கிடுவிய? டாக்டரம்மா சொன்னது மறந்துட்டா? மில்லர்புரத்துல ஒரு வீடு வாடகைக்குப் பாப்போம். எனக்குச் சம்பளம் இருக்கு. வீடு கெடந்தா கெடக்கட்டும்."

"அப்பா கட்டுன வீட்ட நானே சம்மட்டியால ஒடச்சுத் தெறந்து போட்டுட்டு, வாடகைக்குப் போகவா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அதக் கேக்கவாவது காது இருக்கட்டும்."

"கூரை இல்லாத வீட்டுல காத வச்சுக்கிட்டு என்னத்தளா கேக்க?" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மீன்கையோடு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். மைனி வந்து என்னை விலக்கினாள். சட்டையில் ஒட்டிய செதிலை அவர் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவச் சோதனையில் எப்படியும் பிடித்துவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை இருந்தது. தேறிவிட்டேன் என்று வந்து நின்றார். எப்படி என்று கேட்டேன். "கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சுக் காதுல சத்தம் விடுவாங்க. வெளிய பித்தானை அமுக்குறவன் தோளு லேசா அசையும். அது அசையும்போதெல்லாம் நான் கையத் தூக்கிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பரீட்சையில் பார்த்து எழுதிவிட்டு வந்த பையனைப் போல இருந்தது அந்தச் சிரிப்பு. அந்த வாரமே போய்விட்டார்.

அவர் போன பிறகு உத்திரங்கள் வந்தன. சுவரெல்லாம் எடுத்துக்கட்டி, பட்டை ஓட்டி, அது இறுகுகிற வரைக்கும் அவற்றைத் தெருவிலேயே மூடிப் போட்டிருந்தேன். உறையைப் பிரித்தபோது ஒரு கணு இல்லை, ஒரு கோணல் இல்லை. எங்கள் தெருவுக்குள் கிரேன் நுழையாது. சங்கிலிக் கப்பியும் ஆளுமாகத்தான் ஏற்ற வேண்டும். எல்லாம் தயாரான பிறகு ஆசாரி தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி இல்லாம எப்படி மேடம்? மொத உத்திரத்துல வீட்டுக்கு ஒடையவர் கை படணுமே."

போன் போட்டுப் பார்த்தோம், நடுக்கடலில் எடுக்கவில்லை. மைனி உள்ளே போய் அவருடைய சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். "இத மேல போட்டு ஏத்துங்க. ஆளு இல்லாத வீட்டுல அப்படித்தான் செய்வாங்க" என்றாள். எனக்கு அது செத்தவனுக்குச் செய்வது மாதிரி இருந்தது.

"சட்டைக்கா வீடு கட்டுதோம்? கொண்டு உள்ள வைங்க மைனி" என்றேன். நானே போய் உத்திரத்தின் மீது கையை வைத்தேன். "இழுங்க ஆசாரி. நான் தொட்டா ஏறமாட்டேன்னா சொல்லப்போவுது?"

ஏறியது. எல்லா உத்திரங்களும் அளவு பிசகாமல் உட்கார்ந்தன. போல்ட்டுத் துளைகள் நேருக்கு நேர் வந்தன. மர வேலையில் நான் எழுதிய அளவுக்கும் முடிந்த அளவுக்கும் வித்தியாசமே இல்லை. என் தொழிலில் அவ்வளவு சரியாக வந்த எஸ்டிமேட் வேறு கிடையாது. அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே ஆள் ஏதோ ஒரு கடலில் இருந்தார்.

படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திய ஒரு பொம்மை அனுப்பினார். நாள் போகப் போக அவர் பேசுவது குறைந்தது. சிக்னல் இல்லை, எழுது, வாசித்துக்கொள்கிறேன் என்று தகவல் வரும். நம்பினேன். நம்புவதுதான் அப்போது வசதியாக இருந்தது.

அடுத்த கோடையில் வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஸ்டூல் போட்டு ஏறி உத்திரத்தைத் தடவினார். "ஒட்டுக்கட்டை நல்லாத்தான்ளா இருக்கு" என்று தெருமுனை வரை கேட்கும் குரலில் சொன்னார். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். முன்னறைக்கு வெள்ளையடித்துத் தருகிறேன், கடையை மெல்ல ஆரம்பிக்கலாம் என்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினார்.

இரண்டொரு நாள் கழித்து, வெயில் தாழ்ந்த நேரம். மைனி ஒரு தட்டில் மக்ரூன் கொண்டுவந்திருந்தாள். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பகல் முழுக்கச் சூடேறிய உத்திரம் குளிரும்போது சில நாள் சொடக்குப் போடுவதுண்டு. பயப்பட ஒன்றுமில்லை, எனக்குப் பழகிப்போன சத்தம். அன்றைக்குப் போட்டது கொஞ்சம் பெரிசு. சுவரில் கட்டையால் அடித்த மாதிரி தலைக்கு மேலே வெடித்தது. மைனி "சேசுவே!" என்று அலறி, கையிலிருந்த காப்பியை மடியில் கொட்டிக்கொண்டாள். நானும் சட்டென்று மேலே பார்த்தேன்.

அவர் தட்டிலிருந்து ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நிதானமாக மென்றார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். எங்கள் கண் போன இடத்தைப் பார்த்து, அதற்குப் பிறகு அவரும் மேலே பார்த்தார்.

"ஏன், ஒழுகுதா?" என்றார்.

மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒழுகவில்லை என்று சொன்னேன். அவருக்கு அது கேட்கவில்லை. எழுந்து அவர் முன்னால் போய் உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து மறுபடி சொன்னேன்.